கட்டிப்பிடித்த கை

கோல் போட்ட சின்னவளின் இடுப்பைப் பிடித்து மைதானத்து வேலிமேல் ஏற்றிவிட்டவளே பெரியவள்தான். அதோடு நிற்காமல் தானும் பக்கத்தில் தொற்றி ஏறி, கூடாரத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் பார்த்துக் கையாட்டினாள். அக்கா தங்கச்சிப் பாசம் என்று கூட்டம் உருகிப்போனது.

பாசமாவது மண்ணாவது. நாலு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தவள் பெரியவள். சும்மா தட்டிவிட்டவள் சின்னவள். கைதட்டல் மட்டும் யாருக்கு?

சின்னவள் சித்தி மகள். ஒரே வீட்டில், ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். "அவளைப் பாத்துக் கத்துக்கோ" என்று பெற்ற அம்மாவே சொல்லிச் சொல்லிப் பெரியவளின் வயிற்றில் அணையாத அடுப்பொன்று எரிந்துகொண்டிருந்தது.

விசில் கேட்டுத் திரும்பினால், நடுவரம்மாவின் கையில் மஞ்சள் அட்டை. வேலி ஏறினால் அட்டை என்பது விதி. இருவரையும் இறங்கச் சொல்லிவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக்கொண்டார். அசடு வழிந்த சின்னவளின் முதுகைப் பெரியவள் தட்டிக்கொடுத்தாள். இன்னொரு மஞ்சள் வாங்கினால் சிவப்பு, ஆள் வெளியே.

கூடாரத்தில் இருந்தவர்கள் ஆலை அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள். இருப்பது ஒரே இடம், நிரந்தர வேலையோடு. இரண்டு பேரிடமும் பட்டம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். சிவப்பு அட்டை வாங்கியவளை எவன் எடுப்பான்?

இடைவேளையில் பெரியவள் தேனாய்ப் பேசினாள். அடுத்த கோலுக்குச் சட்டையைக் கழற்றிச் சுழற்றச் சொன்னாள். உள்ளேதான் பனியன் இருக்கிறதே, அந்த மூன்று பேரும் உன்னை மறக்கவே மாட்டார்கள் என்றாள்.

"போக்கா, கார்டு குடுத்துருவாங்க."

"கொண்டாடுறதுக்கெல்லாமா குடுப்பாங்க? அது அந்தம்மா மனசைப் பொறுத்தது."

பச்சைப் பொய். குதிப்பதும் ஆடுவதும்தான் நடுவரின் மனசைப் பொறுத்தது. சட்டையைக் கழற்றினால், கூடப்பிறந்தவளே நடுவராக இருந்தாலும் அட்டை காட்டித்தான் ஆகவேண்டும்.

கடைசி நிமிடம். பெரியவள் கொடுத்த பந்து, சின்னவள் அடித்த கோல். ஆனால் கழுதை சட்டையைத் தொடவே இல்லை. கையை விரித்துக்கொண்டு அக்காவை நோக்கியே ஓடிவந்தாள்.

பெரியவள் பாய்ந்து கட்டிப்பிடித்தாள். சந்தோஷத்தில் கண்மண் தெரியாதவள்போல, சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்து ஒரே உருவு. சட்டை சின்னவளின் தலைவழியே கழன்று கையோடு வந்தது.

விசில். அவர்கள் இருவர் தலைக்கும் மேலே மஞ்சள் அட்டை எழுந்தது, பின்னாலேயே சிவப்பு. சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். "பாவம்ங்க, சின்னப் பொண்ணு" என்று பெரியவள் பரிந்து பேசக்கூடச் செய்தாள்.

நடுவரம்மா சின்னவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். பெரியவளின் கையிலிருந்த சட்டையை வாங்கி அவளிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்புறம்தான் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலியில ரெண்டு பேரும்தான் ஏறினீங்க, சட்டையை உருவினது நீ ஒருத்திதான். வெளிய நீ போம்மா."