பத்தாவது பாக்கெட்

"டீ நல்லாத்தான் இருக்குக்கா. ஏலக்காய் வாசந்தான் வரலை" என்றாள் பக்கத்து வீட்டு அமுதவள்ளி.

சுருளியம்மாளின் முகம் வாடிவிட்டது. ஏலக்காய் டீத்தூள் வியாபாரத்துக்குக் கடன் கேட்கும் முன், பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள் பேங்கில். போடியில் அவள் தெருவிலேயே ஒன்பது பேர் குடித்தாயிற்று. மூன்று தடவை ஏலக்காயைக் கூட்டிப் போட்டும் ஒன்பது பேரும் இதையேதான் சொன்னார்கள்.

பத்தாவது பாக்கெட்டைச் சென்னையில் இருக்கும் மகன் அருண்பாண்டிக்கு அனுப்பினாள். அவன் ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இவள் கூப்பிட்டாலும், "சோலியா இருக்கேம்மா" என்று வைத்துவிடுவான்.

நாலாம் நாள் அவனே போன் செய்தான்.

"வாசம் வருதா அப்பு?"

போனில் அவன் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒனக்கும் வரலையா? அப்ப இந்த வியாபாரமே வேணாம், விட்டுர்றேன்."

"பாக்கெட்டப் பிரிச்சதும் ரூமே மணக்குதும்மா. ஏலக்காயக் கொறைக்கணும்."

"இங்க ஒருத்தருக்கும் வரலைங்கிறாகளே?"

"யார்ட்டம்மா கேட்ட?"

"நம்ம தெருவுலதான். எல்லாம் என்கூட ஏலக்காய் பொறுக்குறவுக."

அவன் சிரித்துவிட்டான். "இருவது வருசமா ஏலக்காய்க்குள்ளயே கெடக்குறீங்க. ஒங்க மூக்குக்கு எப்படிம்மா தெரியும்?"

சிரிப்பு நின்றது.

"இது ஒன் சேலை வாசம்மா."

போனை வைத்ததும் சுருளியம்மாள் முந்தானையை முகத்தில் அழுத்தி, மூச்சை ஆழ இழுத்தாள்.

அவளுக்கு ஒரு வாசமும் வரவில்லை.