ரெண்டு டப்பா பசை

பசை இளகக் கருவியால் சூடான காற்றை அடித்து அடித்துச் சுரண்டியும், பழைய கார்ப்பெட் பசை அந்த ஓக் மரத் தரையை விடுவதாக இல்லை. டொலீடோ நகரத்து வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் ஹாலில் பாதிகூட முடியவில்லை. கொரின் சுரண்டியை வீசியெறிந்தாள்.

“ஓரத்துல ஆணி அடிச்சா போதாதா? இவ்வளவு நல்ல தரையில ஒரு இஞ்ச் விடாம பசையை ஊத்தியிருக்கானே, அவன் கை விளங்குமா?”

அம்மா லோர்னா நிமிரவில்லை. முட்டி போட்டு வெறியோடு சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் அப்பா வேலைதானேம்மா? உன்னைத் துரத்திட்டு இருபது வருஷம் இந்த வீட்ல ஒத்தையா ஆண்டாரு. சாகும்போது உன் பேருக்கு எழுதி வச்சாரேன்னு உருகிப்போனேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“வாயை மூடு. ஒட்டினது நான்.”

கொரின் திகைத்துப் போனாள்.

“விவாகரத்துல ஜட்ஜ் வீட்டை அந்த ஆளுக்குக் குடுத்துட்டாரு. இந்தத் தரைன்னா உங்கப்பாவுக்கு உசுரு. சாவியைக் குடுக்கறதுக்கு முந்தின நாள், இருக்கறதுலயே மட்டமான பச்சை கார்ப்பெட்டா வாங்கி, ரெண்டு டப்பா பசையைக் கொட்டி ஒட்டிட்டுத்தான் போனேன். சுரண்டிச் சுரண்டியே சாகட்டும்னு.”

“அப்புறம் ஏன் அவர் சுரண்டவே இல்ல?”

லோர்னா பல்லைக் கடித்தபடி, உயிலோடு வந்த சீட்டை எடுத்து அவள் முன் எறிந்தாள். அப்பாவின் கையெழுத்து.

‘லோர்னா, வீடு இனி உன்னுடையது. இருபது வருஷமாகக் கார்ப்பெட்டின் மேல் என் கை படவில்லை. உனக்காகவே நல்ல சுரண்டியாக ஒன்று வாங்கி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.’