ரொட்டிக்கடை வீட்டுக் கல்லறைகள்

"சுவரோரம் பூரா ரொட்டிக்கடைக்காரங்க வளைச்சுப் போட்டதுங்க" என்றார் கல்லறைத் தோட்டத்துக் காவலாளி. "ஒரே குடும்பத்துக்கு ஒன்பது குழி. ஊர்ல மத்தவன் செத்தா எங்க போறது?"

வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருந்த மகள் குனிந்து அந்தக் கற்களை உற்றுப் பார்த்தாள். ஒன்றிலும் பெயர் இல்லை. 'அண்ணன்', 'தம்பி' என்று மட்டும் செதுக்கியிருந்தது.

"பேர்கூடப் போடலியே?"

"எழுத்து கூடினா கூலியும் கூடுமே! கஞ்சப் பரம்பரைங்க. நான் இந்த வேலைக்கு வந்த நாளா பார்க்கிறேனே."

மகள் பெருமூச்செறிந்தாள். அவளுடைய தாத்தா, போர்க்காலத்தில் சரக்குக் கப்பல் ஒன்றில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவர். கப்பலை எதிரிகள் இந்தக் கடற்கரைக்கு அருகில்தான் மூழ்கடித்தார்கள். கடற்படையினருக்கு அரசு பளிங்குக் கல் நட்டது. சரக்குக் கப்பல் ஆட்கள் சிப்பாய்கள் அல்லர் என்பதால், அவர்களுக்குக் கல்லும் இல்லை, பதிவும் இல்லை. நான்கு ஆண்டுகள் அலைந்து அவள் அறிந்துகொண்டது ஒன்றுதான்: கரை ஒதுங்கிய உடல்களை இந்தச் சுவரோரத்தில்தான் புதைத்திருக்கிறார்கள்.

"அந்தக் கப்பல் ஆளுங்க குழியெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"எங்க சட்டம் அப்படிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை உறவுக்காரங்க நேர்ல வந்து நிக்கணும். வரலேன்னா அது அநாதைக் குழி. தோண்டி, எலும்பைப் பொதுக்குழியில போட்டுட்டு, இடத்தை அடுத்தவங்களுக்குக் கொடுத்திருவோம்."

"எங்க அப்பாவையுமா?" என்றாள் கைத்தடியை ஊன்றி நின்ற அம்மா.

காவலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

தாத்தா கப்பலேறியபோது அம்மா வயிற்றுப் பிள்ளை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள். அவர் படுத்திருக்கும் இடத்தில் நின்று, ஒரே ஒரு முறை 'அப்பா' என்று கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அந்தச் சொல்லால் அவள் யாரையும் கூப்பிட்டதே இல்லை.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணக்குத் தணிக்கை அதிகாரி. யாரோ ஒருவருக்குக் கூடுதலாக இருந்தால், வேறு யாருக்கோ குறைந்திருக்கிறது என்பது அவளுடைய தொழில் தந்த தெளிவு.

"வாம்மா. அந்த ரொட்டிக்கடைக்காரியை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரலாம்."

கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி, முழங்கை வரை மாவோடு அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சுவரோரத்துக் கல்லறையெல்லாம் உங்களதா?"

அவள் முகம் இறுகியது. "ஆமா, எங்க குடும்பம். நகராட்சியிலேர்ந்து வர்றீங்களா? வருஷம் தவறாம நான்தான் போய் நிக்கிறேன். ஒரு கல்லைத் தொட்டாலும் சும்மா விட மாட்டேன், சொல்லிட்டேன்."

"நிப்பீங்க, நிப்பீங்க! யாரோட எலும்பைத் தூக்கிப் போட்டுட்டு உங்க பெரியப்பா சித்தப்பாவையெல்லாம் அங்க படுக்க வச்சீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. சரக்குக் கப்பல்ல செத்தவன்னா உங்களுக்குக் கிள்ளுக்கீரையா? கேட்க நாதியில்லன்னு நினைச்சீங்களா?"

"கப்பலா?"

தட்டை மெல்லக் கீழே வைத்தாள். மகளை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா?"

"அந்தக் கப்பல்ல எங்கப்பா கரி அள்ளிப் போட்டாரு. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்ல."

ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா."

"அக்காவாம்! உறவு கொண்டாடி மழுப்ப வேண்டாம்" என்று வெடித்தாள் மகள்.

"கொண்டாடித்தானேம்மா ஆகணும்? இவங்கப்பா எனக்குப் பெரியப்பா. இல்லேன்னா சித்தப்பா. எந்தக் கல்லுன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியாது."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கப்பா ஒத்தைப் பிள்ளைம்மா. கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது. விடிகாலையில ரொட்டி போடப் போனவர், கரையில ஒன்பது பேர் கிடக்கிறதைப் பார்த்திருக்கார். ஆளில்லாத குழியைத் தோண்டிருவாங்கன்னு தெரியும். நேரா ஆபீசுக்குப் போய், எல்லாரும் என் அண்ணன் தம்பிங்க, படகு கவிழ்ந்துருச்சுன்னு சொல்லிட்டார். 'ஒரு வீட்டுல இத்தனை ஆம்பளையா?'ன்னு கேட்டதுக்கு, 'எங்கம்மாவுக்கு வேற வேலை இல்ல'ன்னாராம்."

அம்மா சிரித்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பேரை மட்டும் பொய்யா வெட்ட அவருக்கு மனசு வரல. என்னைக்காவது அவங்க வீட்டு ஆளுங்க வருவாங்க, வந்து வெட்டிக்கட்டும்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்."

தேடியது ஏன் இத்தனை காலம் அகப்படவில்லை என்பது மகளுக்கு இப்போது புரிந்தது. அவள் உறவற்றவர்களின் குழிகளையே தேடிக்கொண்டிருந்தாள்.

"எது தாத்தான்னு தெரியாதேம்மா" என்றாள் மகள்.

"அதனால என்ன? ஒன்பது பேரையும் அப்பான்னு கூப்பிட்டாப் போச்சு. ஒருத்தர் திரும்பிப் பார்க்காமலா போவாரு?"

அம்மா கைத்தடியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். ரொட்டிக்கடைக்காரியின் மாவுக் கையை இறுகப் பற்றிக்கொண்டு, மகள் பக்கம் திரும்பினாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? உன் சித்தியை அந்தப் பேச்சுப் பேசினியே, முதல்ல மன்னிப்புக் கேளு!"