ஐடிலிங் எழுபது

கம்பெனி கைவிட்ட பழைய செயற்கை இதயங்களுக்கு வெளிக் கன்ட்ரோல் யூனிட் மாட்டித் தருகிறவன் ஜெகதீசன். கோயம்புத்தூரில் முன்பு கார் இன்ஜின்களுக்கு அப்படி யூனிட் மாட்டிக்கொண்டிருந்தான். இன்று அவன் பட்டறைக் கட்டிலில் மயில்சாமி படுத்திருந்தார். அவருடைய பழைய யூனிட் துடிப்பைத் திடீரென்று ஏற்றி இறக்கி அவரை மயங்கி விழவைத்துக்கொண்டிருந்தது.

புது யூனிட்டை மாட்டியதும் திரையில் துடிப்பு எழுபதுக்கு வந்தது.

"வண்டி சும்மா நிக்கறப்ப ஓடற மாதிரி ஐடிலிங் செட் ஆயிருச்சுங்க்கா. இனி லோடு குடுத்துப் பாக்கோணும்," என்றான் அவர் மனைவி பூங்கொடியிடம்.

காராக இருந்தால் ஏசியைப் போட்டு இன்ஜினுக்குச் சுமை ஏற்றிப் பார்ப்பான். இன்ஜின் லேசாகத் தடுமாறினாலும் உடனே பழைய நிலைக்கு வரவேண்டும். மனிதருக்கு அவன் கண்டுபிடித்த வழி வேறு.

"அண்ணன் மனசை உலுக்கற மாதிரி ஏதாச்சும் பேசுங்க்கா."

பூங்கொடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு கணவரின் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நம்ம மக கயலு வாய்க்கால்ல முழுகிப் போனப்ப அப்பான்னுதானுங்க கூப்பிட்டா. இத்தன நாளா நான் சொல்லல."

மயில்சாமியின் கண்கள் நிறைந்து காதோரம் வழிந்தன. திரையில் எழுபது இம்மியும் அசையவில்லை.

"தங்கமா நிக்குது," என்றபடி நிமிர்ந்த ஜெகதீசன் அவர் முகத்தைப் பார்த்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மயில்சாமி நெஞ்சை அழுத்திப் பார்த்தார். "புள்ளைக்காக அழுகறேன். உள்ள ஒண்ணுமே ஆகல. தம்பி, இதைக் கொஞ்சம் ஆட விடுங்க."

"ஆட விட்டா பழையபடி விழுந்துருவீங்ண்ணா."

"விழுந்தா நான் புடிச்சுக்கறேன்," என்றாள் பூங்கொடி.