எதோடு எது சேரும்

“யோசிக்காதீங்க சார். எதோட எது சேருமோ, மளமளன்னு வச்சுக்கிட்டே போங்க” என்றார் பேச்சுப் பயிற்சியாளர்.

மேஜைமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த படங்கள் கிடந்தன. பக்கவாதம் மூளையில் அர்த்தம் பிரிக்கும் இடத்தையும் தொட்டிருக்கிறதா என்பது இன்று தெரிந்துவிடும்.

எதிரே உட்கார்ந்திருந்தவருடையது முப்பது வருடம் தபால் பிரித்த கை. மகன், மகள், அவர், வீட்டு நாய் எல்லாம் ஒரு பக்கம் போயின. அடுப்பு, துடைப்பம், குக்கர் மறுபக்கம். அடுத்து மனைவியின் படம் வந்தது. கை அதைக் குக்கர் பக்கம் வைத்தது.

“அப்பா!” மகள் பதறினாள். “நாயே நம்மளோட இருக்கு. அம்மா துடைப்பத்தோடயா?”

அவருக்குக் காதெல்லாம் சுட்டது. “கை வேகத்துல போயிடுச்சும்மா. மாத்தி வச்சிடுறேன்.”

“மாத்தக் கூடாது சார்” என்று பயிற்சியாளர் அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொண்டு படங்களைக் கலைத்தார். “நல்லா இருக்கிற மூளை உங்க வீட்டுப் படங்களை எப்படிப் பிரிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே ஒப்பிட முடியும்? இப்ப அம்மாவை உள்ள கூட்டிட்டு வாங்க.”

மகள் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தாள். பேச்சிழந்த மனைவி, அசைகிற இடக் கையால் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிள்ளைகள், கணவர், நாய் ஒரு பக்கம். அடுப்பு, துடைப்பம், குக்கர் மறுபக்கம். கடைசியில் தன் படத்தைக் கொஞ்சமும் தயங்காமல் குக்கர்மேல் வைத்தாள்.

அதையும் குறித்து, இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்த பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. “கவலையை விடுங்க சார். நீங்க வச்சதும் அவங்க வச்சதும் அச்சு அசல் ஒண்ணு. அந்த இடத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை.”

பரீட்சையில் தேறிய பிள்ளைபோல் அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரால்தான் தலை நிமிர முடியவில்லை.