பதிலுக்கு நான்கு நொடி
வெல்டர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறான். தரையில் கிடக்கும் மதிய வெயில் ஒவ்வொரு நடைக்கும் அறுந்து ஒட்டுகிறது. நாலு மணிக்கு ஜப்பான் கம்பெனியின் நேர்காணல். சமையல் மேடைமேல் சாய்த்து வைத்த போன், பயிற்சிக்காக ஜப்பானிய மொழியில் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு நான்கு நொடி விடுகிறது. அவனுக்கு நாக்கு புரள்வதற்குள் நொடிகள் தீர்ந்துவிடுகின்றன. தீப்பொறி பட்டுத் தழும்பேறிய விரல்கள் தொடையில் தட்டுகின்றன. வெங்காயம் நறுக்கும் மனைவியோ, ஆறு மாதமாகக் காதில் விழுந்ததை வைத்தே, திரும்பாமல் பதில் சொல்லிவிடுகிறாள். “பேசாம உன்னையே அனுப்பிடலாம்.” “அனுப்புங்களேன்.” குடும்பத்தில் எத்தனை பேர் என்கிறது போன். இது அவனுக்குத் தெரியும். “ஃபுதாரி” என்கிறான் வேகமாக. “சன்னின்” என்கிறாள் அவள். “சன்னின்னா மூணு பேரு. நாம ரெண்டு பேருதானே?” “எனக்கு எண்ணத் தெரியும்.” கத்தி நிற்கவில்லை. அவன் நடைதான் நின்றுபோகிறது, பாதி வெயிலில். வேலைக்கு எப்போது வர முடியும் என்று கேட்டுவிட்டுப் போன் காத்திருக்கிறது. நான்கு நொடி. இந்த முறை அவளும் பதில் சொல்லவில்லை.