பக்கத்துச் சீட்டுக் கதவு

கதவின் உள்பக்கத் தோலை உரித்துக்கொண்டே வந்த கத்தி, அந்த ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக் கதவு அது. கை வைக்கும் திண்டில் நான்கு விரல்கள் பிடித்துப் பிடித்துத் தோல் மெருகேறியிருந்தது. அதற்கு மேலே மரச்சட்டத்தில் வளையல் உரசிய மெல்லிய கோடுகள். பட்டறைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

கார் டீச்சரம்மாவின் கணவருடையது. ஊர் ஊராய்ப் போகும் உத்தியோகம், அதற்கெல்லாம் இந்த வண்டிதான். போன வருஷம் அவர் கண்ணை மூடியதும் ஒழுகும் கொட்டகையில் கிடந்து, கதவுப் பலகையெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது.

கட்டி இழுத்து வந்து நிறுத்திய அன்றைக்கு, டீச்சரம்மா அந்தப் பக்கத்துச் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். இறங்கத்தான் முடியவில்லை. கதவைத் திறக்கும் பிடி திண்டுக்கு அடியில் இருக்க, அவர் கை வேறெங்கோ தடவிக்கொண்டிருந்தது. கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது, பாவம் என்று பட்டறைக்காரர்தான் வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

“அவர் ஞாபகம்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். அவர் வச்சிருந்த மாதிரியே ஆக்கிக் குடுங்க” என்றார் டீச்சரம்மா.

அந்தச் சொல் பட்டறைக்காரரைப் பிடித்துக்கொண்டது. புதுப் பலகை அறுத்தார், புதுத் தோலுக்குப் பழைய நிறம் ஏற்றினார். எல்லாம் முடிந்தபின், அந்தத் தேய்ந்த துண்டை மட்டும் ஓரம் சீவிப் புதுத் தோலுக்குள் பதித்தார். மரச்சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டபோதும் வளையல் கோடுகளைத் தொடாமல் சுற்றியே தேய்த்து, மேலே வார்னிஷ் பூசினார். சேர்த்த இடம் கண்ணுக்கும் தெரியவில்லை, விரலுக்கும் தெரியவில்லை.

தையல் மிஷினில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. மொத்தமாய்ப் புதுசு போட்டு அனுப்பாமல் இதென்ன வெட்டி வேலை என்று முதலில் முணுமுணுத்தாள். அப்புறம் வாய்விட்டே கேட்டாள்.

“என் கை பட்ட எதையாவது இப்படிக் காப்பாத்தியிருக்கீங்களா?”

மிஷின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார் மனுஷன்.

வண்டி எடுக்க வந்த டீச்சரம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஸ்டியரிங்கைத் தொட்டார், டேஷ்போர்டைத் தடவினார், அவரே திரும்பி வந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னார். பட்டறைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. வாருங்கள் என்று சுற்றி அழைத்துப் போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினார்.

“இதை மட்டும் நான் மாத்தலம்மா. எத்தனை வருஷம் கூடவே போயிருந்தா இப்படித் தேயும்? உங்க விரல், உங்க வளையல். தூக்கிப் போட மனசு வரல.”

டீச்சரம்மா அந்தத் தடத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கையை எடுத்து முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

தையல் மிஷின் நின்றது.

“அவர் ஒரு நாள்கூட என்னை இந்த வண்டியில ஏத்தினதில்ல.”